மலையகச் சுரங்கங்களும் நிலக்கீழ் நீரும்: மதிப்பீட்டின் சமூக அடிப்படை குறித்துச் சில கருத்துக்கள்

நிலத்தின் அடியில் மனிதன் குடையும்போது மேலேயுள்ள நீருக்கும் நிலத்துக்கும் நேர்வது யாது என்னும் வினா, பொதுவாகப் புவிச்சரிதவியலாளரதும் பொறியியலாளரதும் ஆய்வெல்லைக்கு உட்பட்டதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. இலக்கிய ஆய்வை முதன்மைத் துறையாகக் கொண்ட நாம் அவ்வினாவை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சுரங்கத்தின் விளைவை 'மதிப்பிடுதல்' என்பது அளவுகருவி மட்டும் செய்யும் பணியன்று. எதனை அளப்பது, எங்கே அளப்பது, எப்போது அளக்கத் தொடங்குவது, யாரைப் 'பாதிக்கப்பட்டோர்' என எழுதுவது என்பனவெல்லாம் சமூக உறவுகளினால் தீர்மானிக்கப்படுகின்றன. அவ்வகையில் மதிப்பீட்டறிக்கையும் ஒரு பனுவலே. ஏனைய பனுவல்களைப் போன்று அதுவும் சிலவற்றைச் சொல்கிறது. சிலவற்றைச் சொல்லாது விடுகிறது.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் நிலக்கரி இல்லை. உயர்நிலத் தொகுதி எனப்படும் மிகப் பழைமையான உருமாறிய பாறைகளே அதன் அடித்தளம். நாட்டின் நிலக்கீழ்ச் சுரங்கத் தொழில் என்று சொல்லத்தக்கது, மலைநாட்டுக்கு மேற்கிலும் வடமேற்கிலும் அமைந்த போகல, கஹட்டகஹ முதலிய காரீயச் சுரங்கங்களோடு பெரிதும் அடங்கிவிடுகின்றது. ஆயின் நீர்மின்னுக்கும் நீர்ப்பாசனத்துக்குமாகத் தோண்டப்பட்ட நீர்ச் சுரங்கவழிகள் மலைநாட்டின் அடிவயிற்றை நெடுந்தூரம் ஊடறுத்துச் செல்கின்றன. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டமும், பண்டாரவளையில் உமா ஓயாத் திட்டமும் அண்மைக்கால உதாரணங்களாம். இவற்றுள் பின்னையது, நிலக்கரிச் சுரங்கப் பிரதேசங்களில் நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்டிருந்த விளைவுகளை நம் கண்முன் நிகழ்த்திக் காட்டியது.

1. நிலக்கரிச் சுரங்கம் தந்த பாடம்

முதற்கண் நிலக்கரிச் சுரங்கத்தை நோக்குவோம். நிலக்கரி படைபடையாக அமைந்திருப்பது. அதனை அகற்றும்போது இடையிடையே கரித் தூண்களை விட்டுக் கூரையைத் தாங்கச் செய்வது ஒரு முறை. படை முழுவதையும் அகழ்ந்துகொண்டே சென்று கூரையைப் பின்னால் இடிந்துவிழ விடுவது பிறிதொரு முறை. முதலாவதில் தூண்கள் காலப்போக்கில் நைந்து நொறுங்கும்போது நிலம் எதிர்பாராத வேளையிற் குழிந்து விழுகின்றது. இரண்டாவதில் நிலம் உடனுக்குடன் தாழ்கிறது. இரண்டிலும் மேற்பரப்பில் தாழும் பரப்பு, கீழே அகழப்பட்ட பரப்பிலும் பெரிது. தாழ்வு சரிவாக வெளிநோக்கிப் பரவுவதே இதற்குக் காரணம். கூரைப் பாறை பிளவுறும்போது அதன் மேலுள்ள நீர்த்தாங்கு படைகள் உடைந்து நீர் சுரங்கத்துள் இறங்குகின்றது, கிணறுகள் வற்றுகின்றன. சுரங்கத்தை உலர்வாக வைத்திருப்பதற்காக நீரை ஓயாது வெளியே இறைப்பதும் இவ்வீழ்ச்சியை விரைவுபடுத்துகிறது.

இந்தியாவின் ஜாரியா நிலக்கரி வயலில் நிலத்தடித் தீ 1916ஆம் ஆண்டளவில் முதன்முதற் பதிவாயிற்று. தனியார் கம்பனிகள் கரியை விரைவிற் கொள்ளையடித்து, வெற்றிடங்களை மணலால் நிரப்பாது விட்டுச்சென்றமை தீக்கும் நிலத்தாழ்வுக்கும் வழிவகுத்த காரணங்களுள் முதன்மையானது. 1971 முதல் 1973 வரையான காலப்பகுதியில் நிலக்கரித் தொழில் அரசுடைமையாயிற்று. எனினும் அங்குள்ளோரை மீள்குடியேற்றுவதற்கான பெருந்திட்டம் 2009இலேயே அங்கீகரிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் நெய்வேலியில் நடப்பது திறந்தவெளி அகழ்வாயினும், பழுப்பு நிலக்கரிக்குக் கீழேயுள்ள பீறிடும் நீர்ப்படையின் அழுத்தத்தைக் குறைப்பதற்கு இடையறாது நீர் இறைக்கவேண்டியிருப்பது பலரும் அறிந்ததே. அங்கே கரியை எடுப்பதற்கான முன்நிபந்தனையே நிலக்கீழ் நீரை வெளியேற்றுவதுதான்.

இவ்வுதாரணங்களிலிருந்து நாம் பெறும் பொதுவுண்மை ஒன்றுண்டு. வெற்றிடத்தாலும் நிலம் தாழும், நீரிழப்பாலும் தாழும். இவை இருவேறு வழிமுறைகள். மலையகத்தைப் புரிந்துகொள்வதற்கு இரண்டாவதே திறவுகோலாகும்.

2. வன்பாறையில் நிகழ்வது

மலைநாட்டு நீர்ச் சுரங்கவழி சில மீற்றர் விட்டமுடையது. பல நூறு மீற்றர் ஆழத்திற் செல்லவல்லது. அத்துணைச் சிறிய வெற்றிடம் அத்துணை ஆழத்திலிருந்து மேற்பரப்பைக் குழியச் செய்யாது. இதனை எடுத்துக்காட்டி, 'சுரங்கத்தால் வீடு வெடிக்க முடியாது' என வாதிடுவோர் உளர். வெற்றிடத்தை மட்டும் கருதும்வரை அவ்வாதம் சரியே. நீரைக் கருதும்போது அது தகர்ந்துவிடுகின்றது.

மலைநாட்டின் நிலக்கீழ் நீர் இரு அடுக்குகளில் உறைகின்றது. மேலே, பாறை சிதைந்து உண்டான மண்ணும் மென்பாறையுமான போர்வை; தோட்டத்துப் பீலிக்கும் கிராமத்துக் கிணற்றுக்கும் நீரூட்டுவது இதுவே. கீழே வன்பாறை. அது தன்னியல்பில் நீரைத் தாங்காது. எனினும் அதிலுள்ள வெடிப்புகளும் பிளவுகளும் முறிவு வலயங்களும் நீரைத் தாங்கிக் கடத்துகின்றன. இவ்விரு அடுக்குகளும் பல இடங்களில் ஒன்றோடொன்று தொடர்புடையவை. சுரங்கவழி ஒரு பிளவு வலயத்தை வெட்டும்போது அது வடிகாலாகி விடுகின்றது. கீழே அழுத்தம் வீழ, மேலேயுள்ள நீர் கீழ்நோக்கி இழுக்கப்படுகின்றது. எந்த ஊற்று எப்போது வற்றும் என்பதைத் தீர்மானிப்பது சுரங்கத்திலிருந்து அதற்குள்ள தூரம் மட்டுமன்று. பிளவுகளின் திசையும் ஆகும். அருகிலுள்ள கிணறு நிறைந்திருக்கத் தொலைவிலுள்ளது வற்றிப்போவது இதனாலேயே.

இனி நிலத்தாழ்வு. மண்ணின் இடைவெளிகளில் உள்ள நீர், மேலுள்ள பாரத்தின் ஒரு பகுதியைத் தான் தாங்கி நிற்கின்றது. நீர் அகன்றால் அப்பாரம் மண்துணிக்கைகளின் மீது பொறுக்கிறது, துணிக்கைகள் நெருங்குகின்றன, மண்படை ஒடுங்குகின்றது. 1920களில் கார்ல் தெர்சாகி வகுத்த இக்கோட்பாடே தற்கால மண்பொறியியலின் அத்திவாரம் எனலாம். நீரழுத்தம் 10 மீற்றர் உயர நீருக்குச் சமனாகக் குறையுமாயின், ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 10 தொன் பாரம் புதிதாக மண்துணிக்கைகள் மீது ஏறுகின்றது. மலைச்சரிவில் மண்போர்வையின் தடிப்பு இடத்துக்கிடம் வேறுபடுவதால் ஒடுக்கமும் சமனாக நிகழ்வதில்லை. வீட்டின் ஒரு மூலை தாழ, மற்றையது நிற்கிறது. சுவர் வெடிக்கிறது.

வன்பாறைதானும் இதற்கு விலக்கன்று. சுவிற்சர்லாந்தின் சூசியே வில்லணை 1957இல் அமைக்கப்பட்டது. 156 மீற்றர் உயரமானது. இருபதாண்டுகள் பழுதின்றி நின்ற அவ்வணை 1978இல் உருமாறி வெடிப்புற்றது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவில், வீதிச் சுரங்கமொன்றுக்காகத் தோண்டப்பட்ட ஆய்வுச் சுரங்கவழி மலையின் நீரை வடித்ததே அதற்குக் காரணமெனப் பின்னர் நிறுவப்பட்டது. நீரிழந்த பாறைப் பிளவுகள் மூடிக்கொள்ள, அணையின் அடித்தளமே பத்துச் சென்ரிமீற்றருக்கு மேலாகத் தாழ்ந்திருந்தது. ஆகவே உமா ஓயாவில் நேர்ந்தது அறிவியலுக்கு முன்பின் தெரியாத விபரீதமன்று. அது முன்னுணரப்படக் கூடியதாயிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

3. உமா ஓயா: நிகழ்ந்தது என்ன?

வெலிமடைப் பகுதியூடாகப் பாய்ந்து மகாவலியிற் கலக்கும் உமா ஓயாவின் நீரை மறித்து, மலைக்குள்ளால் தென்கிழக்கே கிரிந்தி ஓயா வடிநிலத்துக்குத் திருப்புவதே இத்திட்டம். புகுல்பொலவிலும் டயரபாவிலும் இரு அணைகள். அவற்றை இணைக்க ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளச் சுரங்கவழி. டயரபாவிலிருந்து நிலக்கீழ் மின்னிலையம் நோக்கி ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான தலைமைச் சுரங்கவழி. 120 மெகாவாற்று மின். மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்கு நீர். ஈரானியக் கடனுதவியுடன் ஈரானிய நிறுவனமொன்றின் நிர்மாணத்தில் 2008 ஏப்பிரலில் இத்திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. சுற்றாடல் அனுமதி கிடைத்ததோ 2011இலேயே. ஈரான் மீதான பொருளாதாரத் தடைகளால் கடன் இடைநிற்க, மிகுதிச் செலவை இலங்கை அரசே ஏற்றது.

2014 டிசெம்பர் இறுதியில், துளையிடும் பொறி தலைமைச் சுரங்கவழியில் முன்னேறிக்கொண்டிருக்கையில் நீர் பெருக்கெடுத்துச் சுரங்கத்துள் பாய்ந்தது. அடுத்துவந்த நாட்களிலும் வாரங்களிலும் பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள ஹீல் ஓயா முதலிய கிராமங்களின் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. வீடுகளின் சுவர்களிலும் நிலத்திலும் வெடிப்புகள் தோன்றின. வயலும் மரக்கறிச் செய்கையும் நீரிழந்தன. 2017இல் மீண்டும் பெருங்கசிவு ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் பண்டாரவளை நகரில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அமைச்சரவை உபகுழு அமைக்கப்பட்டது. வெளிநாட்டு நிபுணர்கள் வரவழைக்கப்பட்டனர். பிளவுகளுக்குள் சீமெந்துக் குழம்பைச் செலுத்திக் கசிவைக் கட்டுப்படுத்தும் பணி நடைபெற்றது. நீர்த்தாங்கிகளும் நட்டஈடும் வழங்கப்பட்டன. திட்டம் 2024 ஏப்பிரல் 24ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது.

கசிவின் பொருளை உணர்தற்கு ஓர் எளிய கணக்கு உதவும். வினாடிக்கு 100 லீற்றர் நீர் ஒரு சுரங்கத்துள் கசிவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு அது 86 இலட்சத்து 40 ஆயிரம் லீற்றர். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 250 லீற்றர் எனின், அது 34,560 குடும்பங்களின் அன்றாட நீர். பொறியியலாளரின் ஏட்டில் 'வினாடிக்கு நூறு லீற்றர்' என ஒற்றை வரியில் அடங்குவது, குடத்தால் அளக்கும்போது ஒரு முழுப் பிரதேசத்தின் வாழ்வாகிறது. அளவு ஒன்றே. அளவுகோல் எவர் கையிலுள்ளது என்பதிலேதான் வேறுபாடு.

4. காரணங்களைப் பிரித்தறிதல்

சுரங்கத்தின் மீது எல்லாப் பழியையும் சுமத்துவதும் விஞ்ஞான நோக்காகாது. மலைநாட்டில் சுவர் வெடிப்பதற்குக் காரணங்கள் பல. சரிவுநிலம் மெல்ல நகர்தல் ஒன்று. வெடிமருந்தின் அதிர்வு ஒன்று. அத்திவாரக் குறைபாடும் கட்டடத்தின் முதுமையும் ஒன்று. நீரிழப்பால் மண் ஒடுங்குதல் பிறிதொன்று. அவ்வாறே கிணறு வற்றுவதற்கு வறட்சியும், காடழிவும், மிகையான நீரிறைப்பும் காரணமாகலாம்.

மண்சரிவையும் நிலத்தாழ்வையும் குழப்பிக்கொள்ளாதிருத்தல் சிறப்பாக வேண்டற்பாலது. மண்சரிவு பெரும்பாலும் நீர் மிகுவதால் வருவது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் லயங்களை மூடிப் புதைத்ததும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின்போது மலைநாடெங்கும் பேரழிவு விளைத்ததும் அதுவே. நிலத்தாழ்வு நீர் குறைவதால் வருவது. ஒரே சரிவில் இரண்டும் அடுத்தடுத்து நிகழலாம். தாழ்வினால் உண்டான வெடிப்புகளூடு அடுத்த பருவமழை உட்புகுந்து சரிவைத் தளர்த்தல் கூடும். ஆதலின் ஒன்றைக் காரணங்காட்டி மற்றையதை மறுப்பது ஏற்புடையதன்று.

பின் எவ்வாறு பிரித்தறிவது? காலமும் இடமும் சான்று பகர்கின்றன. பண்டாரவளைக் கிணறுகள் 2014 டிசெம்பரில், வடகீழ்ப் பருவமழை பெய்துகொண்டிருந்த காலத்தில் வற்றத் தொடங்கின. அதே மாத இறுதியிலேயே பதுளை மாவட்டம் கடுமழையாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்டிருந்தது. மழைக்காலத்தில் வற்றும் கிணற்றுக்கு வறட்சியைக் காரணங்கூற இயலாது. மாறாக 2016–2017இல் நாடு கடும் வறட்சியைச் சந்தித்தது. அக்காலத்து வற்றலுள் எவ்வளவு சுரங்கத்துக்கு உரியது, எவ்வளவு வானத்துக்கு உரியது என்பதைப் பிரிப்பது கடினமாயிற்று. அடிநிலை அளவீடுகள் போதியனவாய் இருந்திருப்பின் இக்கடினம் பெரிதும் குறைந்திருக்கும்.

முறையான மதிப்பீட்டின் கூறுகள் இரகசியமானவையல்ல. சுரங்கவழியின் இருமருங்கும், பிளவு வலயங்களின் வழியே அதற்கப்பாலும், எல்லாக் கிணறுகளையும் ஊற்றுக்களையும் பீலிகளையும் எண்ணிப் படத்திற் குறித்தல். தென்மேற்கு, வடகீழ் ஆகிய இரு பருவங்களையும் உள்ளடக்க, வேலை தொடங்கு முன்னரே குறைந்தது ஓராண்டேனும் அவற்றின் மட்டத்தையும் ஓட்டத்தையும் அளத்தல். பாறையின் நீரழுத்தத்தை ஆழ்துளைகளிற் பதிதல். ஒவ்வொரு வீட்டினதும் அன்றைய நிலையைப் பதிவுசெய்து வெடிப்புகளில் அளவுகோல் பொருத்துதல். துளையிடும் முகத்துக்கு முன்னே நீண்ட ஆய்வுத் துளையிட்டு, நீர்ப் பிளவு தென்படின் பொறி அதனைச் சென்றடையுமுன்னரே சீமெந்துக் குழம்பு செலுத்தி அடைத்தல். இன்று செய்மதி ராடார்ப் படங்களின் துணையால் நிலம் சில மில்லிமீற்றர் அளவுக்கு அசைவதையும் அறியலாம். அடர்ந்த தேயிலையும் மரச்செறிவும் உள்ள சரிவுகளில் அவற்றைத் துணைச்சான்றாக மட்டுமே கொள்ளவேண்டும். இவையனைத்துள்ளும் மிக மலிவானது முதலாவது. ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடுமே அதற்குத் தேவை. மிக மலிவானதே பெரும்பாலும் செய்யப்படாது விடப்படுவதன் காரணம் செலவன்று என்பது வெளிப்படை.

5. நீர்வீழ்ச்சியும் பீலியும்

மேல் கொத்மலைத் திட்டத்தின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். தலவாக்கலையில் அணையும், ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கவழியும், நிலக்கீழ் மின்னிலையமும் கொண்ட இத்திட்டம் 150 மெகாவாற்று ஆற்றலுடையது. யப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2012இல் இயங்கத் தொடங்கியது. 1990களில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்ததும், மேன்முறையீட்டின் பின்னரே அனுமதி கிட்டியதும் பதிவாகியுள்ளன. நாட்டின் சுற்றாடல் சட்டத்தில் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் புகுத்திய தாக்க மதிப்பீட்டு முறைக்கு இது முக்கியமான சோதனையாக அமைந்தது.

அவ்விவாதத்தில் முன்னின்றவை எவை? நீர்வீழ்ச்சிகள். சென். கிளேயர், டெவோன் முதலியவற்றின் அழகு குன்றிவிடும் என்னும் கவலையே பத்திரிகைகளிலும் மேடைகளிலும் மேலோங்கியது. அதன் பயனாக, பகற்பொழுதிற் குறித்த அளவு நீரைச் சென். கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு விடவேண்டும் என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. அக்கவலையை நாம் இழிவாகக் கருதவில்லை. எனினும் இலக்கிய மாணவர் இங்கு ஒன்றைக் கவனிக்கத் தவறார். நீர்வீழ்ச்சி, வெள்ளைத் தோட்டத்துரையினதும் அவர் வழிவந்த சுற்றுலாப் பயணியினதும் கண்ணுக்கு அமைந்த காட்சி. வீதியில் நின்று பார்க்கலாம், அஞ்சலட்டையில் அச்சிடலாம். லயத்தின் பின்புறத்தில், மூங்கில் அல்லது தகரக் குழாய் வழியாக ஊற்றுநீர் விழும் பீலி எவ்வட்டையிலும் இடம்பெறுவதில்லை. விடியுமுன் குடத்தோடு அங்கு வரிசையில் நின்று, பின்னர் கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறும் பெண்ணுக்கே அதன் ஓட்டம் பெருவிரல் தடிப்பா, சுண்டுவிரல் தடிப்பா என்பது தெரியும். காட்சிக்கு நிபந்தனை கிடைத்தது, பாவனைக்குக் கிடைக்கவில்லை. பாவனைப் பெறுமதியைப் பின்தள்ளிப் பரிவர்த்தனைப் பெறுமதி முன்னிற்கும் சமூகத்தில் இது விந்தையன்று.

மலையக இலக்கியம் இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியுள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மக்கள் பாடல்கள் தொடக்கம் தெளிவத்தை ஜோசப்பின் புனைகதைகள் வரை, தோட்டத்தை உள்ளிருந்து நோக்கும் எழுத்துக்களில் தேயிலை மலை, காட்சியாக அன்றி உழைப்பின் களமாகவே வருகின்றது. இத்தகைய ஆக்கங்களைச் சுற்றாடல் வரலாற்றுக்கான சான்றுகளாகவும் வாசித்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

6. எண்ணப்படாதோர்

இழப்பீட்டின் இலக்கணம் உடைமையின் இலக்கணமாகும். உறுதி உள்ளவரின் வெடித்த சுவருக்குப் பெறுமதி கணிக்கலாம். தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் லயமோ அவருக்குச் சொந்தமன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 முதல் அவற்றின் முகாமை பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, குடியிருப்பு மட்டுமே தொழிலாளியினுடையது. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்னும் திட்டங்களால் உறுதி பெற்றோர் உளரெனினும் லயத்தில் வாழ்வோர் இன்னும் பலர். நூறாண்டு கடந்த லயத்தின் வெடிப்பு 'முதுமையால்' விளைந்ததென ஒரு வரியில் ஒதுக்கிவிடுவது எளிது. முன்பதிவு இல்லாதவிடத்து அதனை மறுப்பதற்குத் தொழிலாளியிடம் ஆவணம் ஏது?

இவ்விலக்கு தற்செயலானதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாட்டின் கணக்கிலிருந்தே அகற்றியது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பொதுச் சேவை வழங்குவதற்குத் தடையாயிருந்து, 2018இலேயே திருத்தப்பட்டது. வாக்காளராய், உடைமையாளராய், உள்ளூராட்சியின் பயனாளராய் எண்ணப்படாதிருந்தோரின் பீலியும் எண்ணப்படாதிருந்ததில் வியப்பில்லை.

அதே வேளை இப்பிரச்சினையை இனப்பிரச்சினையாக மட்டும் குறுக்குவது தவறான அரசியலுக்கே இட்டுச்செல்லும். உமா ஓயாவால் மிகுதியும் பாதிப்புற்றோர் பண்டாரவளைச் சிங்களக் கிராமங்களின் சிறு விவசாயிகள். மேல் கொத்மலையில் இடம்பெயர்க்கப்பட்டோருள் தலவாக்கலைப் பகுதித் தோட்டத் தமிழர் கணிசமானோர். முன்னையது சிங்களக் கிராமத்தின் துயராகவும், பின்னையது தமிழ்த் தோட்டத்தின் துயராகவும் தனித்தனியே பேசப்பட்டன. பாறைப் பிளவு இவ்வெல்லையை அறியாது. கிராமத்துக் கிணறும் தோட்டத்துப் பீலியும் ஒரே நீர்ப்படையின் இரு வாய்கள். திருப்பப்படும் நீரைப் பெறும் மொனராகலை விவசாயியும் நம் பகைவரல்லர். வரண்ட வலயத்தின் நீர்ப்பஞ்சம் உண்மையானது. ஒரு பகுதி உழைப்பாளரின் தாகத்தைத் தீர்க்க மறுபகுதியினரின் ஊற்றை விலையாகக் கொடுக்கச் செய்து, அவ்விலையைக் கணக்கிலும் எழுதாது விடும் திட்டமிடல் முறையே விமரிசனத்துக்கு உரியது.

நீர்மின்னைக் கைவிட்டு நிலக்கரியை நாடுவோம் என்பதும் விடையாகாது. 900 மெகாவாற்று ஆற்றலுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையம் எரிப்பது இறக்குமதி நிலக்கரி. அக்கரி அகழப்படும் நாட்டிலும் நிலம் உண்டு, நீர் உண்டு, மக்கள் உண்டு. விளைவை நம் கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு அனுப்பிவிடுவது அதனை இல்லாமற் செய்வதாகாது.

7. முடிவுரை

1876இல் எழுதி முற்றுப்பெறாது விட்ட கட்டுரையொன்றில் ஏங்கெல்ஸ், அல்ப்ஸ் மலைச்சரிவின் காடுகளை வெட்டிய மக்கள், ஆண்டின் பெரும்பகுதி தம் மலையூற்றுக்கள் நீரற்றுப்போவதற்குத் தாமே வழிசெய்ததை அறியாதிருந்தமையை எடுத்துக்காட்டினார். இயற்கையின் மீது பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் எதிர்பாராத பின்விளைவு உண்டு என்பது அவர் கருத்து. ஒன்றரை நூற்றாண்டின் பின் நமக்கு அறியாமை என்னும் சாட்டு இல்லை. பிளவு வலயங்களைப் படமாக்கலாம், நீரழுத்தத்தை அளக்கலாம், கசிவை முன்கூட்டியே அடைக்கலாம். அறிந்தும் செய்யாதிருத்தலை இயற்கையின் சீற்றம் எனப் பெயரிட்டு அழைத்தல் பொருந்தாது.

எனவே மூன்று கருத்துக்களை வற்புறுத்தி இக்கட்டுரையை நிறைவுசெய்வோம். முதலாவது, மலைநாட்டில் எந்தச் சுரங்கவழியும் தொடங்கப்படு முன்னர் கிணறு, ஊற்று, பீலி என்பவற்றின் பதிவேடு ஆக்கப்பட வேண்டும்; கிராமம், தோட்டம் என்னும் பேதமின்றி அது மும்மொழியிலும் பொதுமக்கள் பார்வைக்கு இருத்தல் வேண்டும். இரண்டாவது, இழப்பீட்டுரிமை காணியுறுதியை அன்றிக் குடியிருப்பையும் நீர்ப்பாவனையையும் ஆதாரமாகக் கொள்ளவேண்டும். மூன்றாவது, அளத்தற்பணியில் அங்கு வாழ்வோரே பங்குகொள்ள வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் புலமையும், பீலியடியில் நாள்தோறும் நிற்கும் பெண்களின் அவதானமும் ஒன்றையொன்று நிரப்புவன. பல்கலைக்கழக மாணவர் விடுமுறைக் காலத்தில் தத்தம் தோட்டத்திலும் கிராமத்திலும் இப்பதிவைத் தொடங்குவதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று மாதந்தோறும் குறித்துவைத்தாலே போதும். அடுத்த சுரங்கம் வரும்போது, 'முன்பு இங்கு நீர் இருந்ததற்குச் சான்று என்ன?' என்னும் கேள்விக்கு அக்குறிப்பேடு விடைசொல்லும்.